ஆறு வயதுப் பூனை இருக்கும் வீட்டில் புதுக் குட்டி: கதவை எப்போது திறப்பது?

வாசல்திண்ணை எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் சாம்பி என்று ஒரு பெட்டைப் பூனை இருக்கிறாள். ஆறு வயது, கருத்தடை செய்தாகிவிட்டது. குட்டியாக வந்ததிலிருந்து வீட்டில் அவள் ஒருத்திதான். இப்போது பத்து வாரம் மதிக்கத்தக்க கடுவன் குட்டி ஒன்று வந்திருக்கிறது. பொட்டு என்று பெயர். இரண்டும் இன்னும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. குட்டியைத் தனி அறையில் விட்டு, சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கிறேன்.

சாம்பி அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அடித்தொண்டையில் உறுமுகிறாள். உள்ளே குட்டி கத்தினால் கதவின் கீழ் இடுக்கைப் பார்த்துச் சீறுகிறாள். நான் குட்டியிடம் இருந்துவிட்டு வெளியே வந்தால் என் கையை மோந்து பார்த்துவிட்டு என்னிடமே சீறுகிறாள். இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து அவள் சீறியதே இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"கதவைத் திறந்துவிடு, அதுகளே பார்த்துக்கொள்ளும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

குட்டிக்காவல் எழுதியது:

கதவை மூடி வைத்திருப்பது நல்ல காரியம், அப்படியே வைத்திருங்கள். தாயில்லாத குட்டிகளைத் தேற்றி வேறு வீடுகளுக்குக் கொடுக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். தனி அறைக்கு முதல் காரணமாக நான் சொல்வது நோய்தான், சண்டை அதற்குப் பிறகு.

குட்டி பார்க்கத் துறுதுறுவென்று இருந்தாலும் உள்ளே ஏதாவது வளர்ந்துகொண்டிருக்கலாம். பான்லூகோபீனியா (பூனைகளுக்கு வாந்தி, பேதி வந்து உயிரையே எடுக்கக்கூடிய தொற்றுநோய்) வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரிய 10 நாள்கூட ஆகும். படர்தாமரை வெளியே தெரிய 1 முதல் 3 வாரம் ஆகும், அது மனிதர்களுக்கும் ஒட்டும். அதனால்தான் குறைந்தது இரண்டு வாரம் தனியே இருக்கட்டும் என்கிறோம். முதல் சில நாளுக்குள் டாக்டரிடம் காட்டி, குடற்புழு, தெள்ளு, காதுப் பூச்சி எல்லாம் பார்த்துவிடுங்கள். பூனை லுகேமியா வைரஸுக்கு ரத்தச் சோதனை கேளுங்கள். அது எச்சில் வழியாகப் பரவும், ஒன்றை ஒன்று நக்குவதும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதுமே போதும். கூடவே எஃப்.ஐ.வி. (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வைரஸ்) சோதனையும் செய்வார்கள். குட்டிக்கு அதில் பாசிட்டிவ் என்று வந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கூட அப்படிக் காட்டும், 6 மாதத்துக்குப் பிறகு மறுபடி சோதித்தால்தான் தெளிவாகத் தெரியும்.

சாம்பிக்குத் தடுப்பூசித் தேதி தாண்டியிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அந்த இடைவெளியில் நான் குட்டிகளை இழந்திருக்கிறேன்.

உங்கள் கையைப் பார்த்துச் சீறியதற்கு வருத்தப்படாதீர்கள். உங்கள் உடம்பில் ஒட்டியிருந்த அந்நிய வாசனைக்குத்தான் அந்தச் சீறல். குட்டி அறைக்கென்று ஒரு பழைய சட்டையை உள்ளேயே மாட்டி வையுங்கள். வெளியே வரும்போது கழற்றிவிட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள். அவளிடம் உங்கள் பழைய வாசனையோடு போய் உட்காருங்கள், அவளாக வந்தால் தடவுங்கள்.

நகக்கீறல் எழுதியது:

எல்லோரும் தனி அறை, வாரக்கணக்கு என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் செய்யவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுக் குட்டியைக் கூடத்தில் இறக்கிவிட்டோம். பெரியவன் இரண்டு நாள் சீறினான், ஒரு அடி கொடுத்தான், அதோடு சரி. இப்போது ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றன. இவ்வளவு நீட்டித்தால் பூனைக்கும் பதற்றம், நமக்கும் பதற்றம் என்பது என் கருத்து.

மூன்றுவால் எழுதியது:

நகக்கீறல், உங்கள் பெரியவனுக்கு அப்போது என்ன வயது? அதற்கு முன் வேறு பூனைகளோடு இருந்திருக்கிறானா?

நகக்கீறல் எழுதியது:

ஒன்றரை வயது. கூடப் பிறந்தவன் ஒருவனோடு ஒரு வருடம் இருந்தான், அப்புறம் அந்த இன்னொருவனை உறவினர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

மூன்றுவால் எழுதியது:

அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. இன்னொரு பூனையோடு எப்படி இருப்பது என்று உங்கள் பூனைக்கு ஏற்கெனவே தெரியும், வயதும் விளையாட்டு வயது. சாம்பி ஆறு வயது வரை தனியாக இருந்தவள். வேறொரு பூனையின் வாசனை அவள் வீட்டுக்குள் வருவதே இதுதான் முதல் தடவை.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியே வேட்டையாடித் தனியே வாழ்கிற விலங்கு அது. ஓரிடத்தில் நிறையச் சாப்பாடு கிடைத்தால் பூனைகள் கூட்டமாகவும் வாழும். ஆனால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் தாய், மகள், அக்கா தங்கை என்று சொந்தக்காரப் பெட்டைகள்தான். வெளியிலிருந்து வருகிற முகத்தை விரட்டத்தான் பார்க்கும். நேரம் போகப்போக ஓரத்தில் சேர்த்துக்கொண்டால் உண்டு. நாம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் இறக்கும்போது அந்த மெல்லச் சேருகிற வழியை அடைத்துவிடுகிறோம்.

கதவைத் திறந்துவிட்டுச் சரியாகப் போன வீடுகளும் நிறைய இருக்கின்றன, மறுக்கவில்லை. சரியாகப் போகாத வீட்டில் அதைத் திருத்துவது பெரும்பாடு என்பதுதான் என் கவலை. முதல் சந்திப்பே அலறலும் துரத்தலுமாக முடிந்தால், குட்டி என்றாலே ஆபத்து என்று அவள் மனதில் பதிந்துவிடும். சண்டைக்குப் பின் சமாதானம் செய்துகொள்கிற பழக்கம் பூனைகளிடம் நாய்களிடம் போல அதிகம் தென்படாது. விலகிப் போவதுதான் அவற்றுக்குத் தெரிந்த வழி, பூட்டிய வீட்டுக்குள் விலகிப் போக இடம் ஏது? மெதுவாகப் போனால் இழப்பது சில வாரம்தான்.

வாசல்திண்ணை, உங்கள் கேள்விக்கு என் பதில்: தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாம்பி வழக்கம்போலச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, மணல் தட்டுக்குப் போகிறாளா, உங்களிடம் விளையாட வருகிறாளா, இதை மட்டும் பாருங்கள். இந்த நாலும் சரியாக இருக்கும்போது ஒரு படி முன்னே போங்கள். ஏதாவது ஒன்று குறைந்தால் ஒரு படி பின்னே வாருங்கள். குட்டி எந்த வேகத்துக்கும் ஈடுகொடுக்கும், வேகத்தை முடிவு செய்ய வேண்டியவள் சாம்பிதான்.

வாசல்திண்ணை எழுதியது:

நன்றி. டாக்டரிடம் போய் வந்தோம். காதுப் பூச்சி இருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறார். மற்றபடி நல்லபடியாக இருக்கிறான். ஒன்றின் வாசனையைத் துணியில் எடுத்து மற்றதுக்குப் பழக்குகிற வாசனை மாற்றுவது பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், அதைச் சரியாக எப்படிச் செய்வது? துணியை அவள் மூக்கிடம் கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

குட்டிக்காவல் எழுதியது:

அவசரமாக ஒன்று மட்டும். காதுப் பூச்சி சாம்பிக்கும் தாவியிருக்கலாம், அவள் காதையும் காட்டுங்கள். பூச்சி மருந்து எதுவானாலும் டாக்டர் கொடுத்ததை மட்டும் போடுங்கள். நாய்க்கென்று விற்கிற தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம், அது பூனையைக் கொன்றுவிடும். வீட்டில் நாயும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மருந்து போட்ட நாயின் மேல் பூனை படுத்துக்கிடந்தால்கூட ஆபத்துதான்.

அரைக்கண் எழுதியது:

வாசனை பற்றி நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி.

பூனைக்குக் கன்னம், முகவாய், நெற்றி, வாலின் அடிப்பகுதி, பாதம் இங்கெல்லாம் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. நம் காலிலும் கதவு ஓரத்திலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறதே, அது இது என்னுடைய இடம், இங்கே பயமில்லை என்று குறி வைப்பது. சாம்பியின் வீடு முழுக்க அப்படி அவள் வைத்த குறிதான் இருக்கிறது. அதற்குள் பொட்டுவின் வாசனை அவளை அறியாமல் கலந்துவிட வேண்டும். கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சுத்தமான பருத்தித் துணி ஒன்றை எடுத்து, குட்டி தூங்கி வழிகிற நேரத்தில் அவன் கன்னத்தில் மெதுவாகத் தேயுங்கள். பயந்திருக்கும்போது எடுத்த வாசனை வேண்டாம். அந்தத் துணியை சாம்பியின் மூக்குக்குக் கொண்டுபோகாமல், அவள் நடந்து போகிற வழியில் ஓரமாகப் போட்டுவிட்டு நீங்கள் வேறு வேலை பாருங்கள். அவள் படுக்கையிலோ சாப்பாட்டுக்குப் பக்கத்திலோ இப்போது வேண்டாம், அவை அவளுக்கே உரிய இடங்கள். அவளாக வந்து மோந்து பார்ப்பாள். சில நேரம் வாயை லேசாகத் திறந்து உதட்டைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வாசனையை அனுப்பிப் பார்க்கிறாள் என்று அர்த்தம். சீறிவிட்டுப் போனாலும் பரவாயில்லை, துணி அங்கேயே கிடக்கட்டும். நாளைக்கு ஒரு புதுத் துணி. அவள் அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போகிற நாள் வந்தால் அது பெரிய வெற்றி.

அதே மாதிரி அவள் வாசனையும் குட்டியிடம் போக வேண்டும். அப்புறம் இடமாற்றம். சாம்பியை ஒரு அறையில் வைத்துக்கொண்டு குட்டியைக் கொஞ்ச நேரம் வீட்டில் உலவ விடுங்கள். குட்டி வேறிடத்தில் இருக்கும்போது சாம்பியை அவன் அறைக்குள் போக விடுங்கள், தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கதவைத் திறந்து வைத்தால் அவளே போவாள். பான்லூகோபீனியா பயம் தீர்ந்து, காதுப் பூச்சியும் முழுக்கப் போன பிறகுதான் துணியும் இடமாற்றமும், அதை மறக்க வேண்டாம்.

சாப்பாடு கதவுக்கு இரண்டு பக்கமும். முதலில் கதவை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள், அவள் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுகிற தூரம்தான் சரியான தூரம். சில வேளைக்கு ஒருமுறை அரை அடி நகர்த்துங்கள். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கதவையே முறைத்தால் அவ்வளவு கிட்டே வந்தது அதிகம், பழைய இடத்துக்குப் போங்கள். குட்டியின் வாசனை வரும்போதெல்லாம் நல்லது நடக்கிறது என்று அவள் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். அதட்டலால் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

பாதிராத்திரி எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது நாலு வயதுக் கடுவன், கருத்தடை செய்யவில்லை. மூன்று மாதப் பெட்டைக் குட்டி ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். இதே முறைதானா?

குட்டிக்காவல் எழுதியது:

முதலில் கடுவனுக்குக் கருத்தடை, அப்புறம்தான் குட்டி. அறுவை முடிந்த அன்றே குணம் மாறாது, ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும், அதுவரை பொறுங்கள். கருத்தடை ஆகாத கடுவன் புது வாசனை வந்தால் சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சும். பெட்டைக் குட்டிகள் 4 மாதத்திலேயே சினைப்பட முடியும், உங்கள் குட்டிக்கு அந்த வயது வர அதிக நாள் இல்லை. தனி இழை தொடங்குங்கள், விவரமாக எழுதுகிறேன்.

வாசல்திண்ணை எழுதியது:

காதுப் பூச்சி முழுக்கப் போய்விட்டது, இரண்டு பேருக்கும். துணி, இடமாற்றம், சாப்பாடு எல்லாம் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் சாம்பி உறுமுவதையும் சீறுவதையும் முழுக்க நிறுத்திவிட்டாள். கதவுப் பக்கமே வருவதில்லை. அலமாரியின் உச்சியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், பெரும்பாலும் அங்கேதான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்கிறார்கள். கதவை லேசாகத் திறந்து பார்க்கலாமா?

மூன்றுவால் எழுதியது:

பொறுங்கள். அலமாரியிலிருந்து எப்போது இறங்குகிறாள்? எவ்வளவு சாப்பிடுகிறாள்? மணல் தட்டில் சிறுநீர் பட்டுத் திரண்ட கட்டிகள் எத்தனை கிடக்கின்றன?

வாசல்திண்ணை எழுதியது:

இப்போது போய்ப் பார்த்தேன். கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். நாங்கள் தூங்கிய பிறகுதான் இறங்குகிறாள் என்று நினைக்கிறேன். மணலில் சின்னச் சின்னக் கட்டிகள், வழக்கத்தை விட அதிகம்.

மூன்றுவால் எழுதியது:

நாளை காலை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, இந்த இழையைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சீறுகிற பூனை பேசுகிறது. தள்ளி நில் என்று வாய்விட்டுச் சொல்கிறது, அதனால்தான் சீறலை நான் கெட்டதாக நினைப்பதே இல்லை. பேச்சை நிறுத்திவிட்டு உயரத்தில் போய் ஒடுங்குகிற பூனையை நாம் அமைதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அது கைவிட்ட நிலையாக இருக்கலாம். ஏற்றுக்கொண்ட பூனை கீழே இறங்கி நடமாடும், வாலைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

மன அழுத்தம் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பையைத் தாக்கும். கிருமி எதுவும் இல்லாமலே பை வீங்கி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவார்கள், ரத்தம்கூட வரும். கடுவன் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படியுங்கள்: கடுவனின் சிறுநீர்க் குழாய் குறுகல், முழுக்க அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் முக்கிக்கொண்டு உட்கார்ந்து எதுவும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அந்த இரவிலேயே ஓட வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். பூனை 2, 3 நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்த் தங்கி உயிருக்கே ஆபத்தாகும், குண்டான பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஒரு முழு நாள் வாயே வைக்கவில்லை என்றாலே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

வாசல்திண்ணை எழுதியது:

போய் வந்தோம். மூன்றுவால் சொன்னதேதான், சிறுநீர்ப்பை அழற்சி. கிருமி இல்லை. வலிக்கு மருந்து, ஈரச் சாப்பாடு, நிறையத் தண்ணீர். கேட்டதற்கு உங்களுக்குக் கோடி நன்றி. இப்போது எந்தப் படியில் நிற்பது?

மூன்றுவால் எழுதியது:

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குட்டி அவன் அறைக்குள், துணி வேண்டாம், இடமாற்றம் வேண்டாம். சாம்பி பழைய சாம்பியாகட்டும். குட்டி வந்ததிலிருந்து அவளுக்கு எதெல்லாம் பறிபோனது என்று யோசியுங்கள். குட்டி இருக்கிற அறையில் அவளுக்குப் பிடித்த ஜன்னல் இருந்ததா? இரவில் உங்கள் காலடியில் படுத்தவள் இப்போது எங்கே? அவளுக்கென்று தினமும் ஒரே நேரத்தில் விளையாட்டு, அவளோடு மட்டும்.

வாசல்திண்ணை எழுதியது:

ஜன்னல் என்று எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்! அந்த அறையில்தான் அவள் காலை வெயில் காய்வாள். குட்டியை வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். அவளுக்கு அந்த ஜன்னல் திரும்பக் கிடைத்துவிட்டது.

நகக்கீறல் எழுதியது:

இதைப் படித்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பூனைக்குப் பூனை இவ்வளவு வேறுபடும் என்று நினைக்கவில்லை. சாம்பி சீக்கிரம் தேறட்டும்.

வாசல்திண்ணை எழுதியது:

சாம்பி நன்றாக இருக்கிறாள். கிண்ணம் காலியாகிறது, இறகுக் குச்சியைத் துரத்துகிறாள், வாசலில் வந்து வரவேற்கிறாள். துணி மறுபடி தொடங்கி, தாண்டிப் போகிற நிலைக்கு வந்துவிட்டோம். மூடிய கதவுக்கு இரு பக்கமும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். இனிப் பார்க்க விடலாம் என்று டாக்டரும் சொல்கிறார். எப்படிச் செய்வது? வீட்டில் ஒருவர் தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலைத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறார், சீறினால் அடிக்கலாமாம்.

அரைக்கண் எழுதியது:

தண்ணீர் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், தயவுசெய்து. குட்டியைப் பார்த்தபோது முகத்தில் தண்ணீர் அடித்தது என்பதுதான் அவளுக்கு நினைவிருக்கும். எச்சரிக்கை செய்ததற்குத் தண்டித்தால் அடுத்த முறை எச்சரிக்காமல் பாய்வாள்.

கதவு இடத்தில் வலைக்கதவு மாட்ட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கதவை இரண்டு விரல் அகலம் திறந்து, இரு பக்கமும் நகராதபடி முட்டுக் கொடுங்கள். குட்டியின் தலை நுழையக் கூடாது, தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். வலைக்கு மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, கீழே கொஞ்சமாக இடைவெளி விட்டுத் தொடங்குங்கள், பாதம் மட்டும் தெரியட்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், சாப்பிட்டு முடித்ததும் மூடிவிடுங்கள். நாள் போகப் போகப் போர்வையை உயர்த்துங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பார்வை. சீறல் வந்தால் பரவாயில்லை. கண் இமைக்காத முறைப்பு, உடம்பு இறுகி, காது பக்கவாட்டில் மடங்கி, வால் நுனி வெட்டி வெட்டி ஆடினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு அட்டையை மெதுவாக நுழைத்துப் பார்வையை மறைத்துவிடுங்கள். சத்தம் போடாதீர்கள். மாறாக, பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவது, மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பது, உட்கார்ந்து உடம்பை நக்குவது, இதெல்லாம் நல்ல அறிகுறி.

குட்டிக்காவல் எழுதியது:

வலைக்கு இரண்டு பக்கமும் சலிப்பாகிப் போகிற அளவுக்கு நிதானம் வந்த பின் ஒரே அறை. நான் செய்கிற விதம் இது. முதலில் குட்டியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு நன்றாகக் களைப்பாக்கி, வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். சாம்பிக்குத் தப்பிப் போக இரண்டு வழியும், ஏற ஒரு உயரமும் உள்ள அறையாக இருக்கட்டும். குட்டியோடு ஒருவர், சாம்பியோடு ஒருவர். யாரையும் மடியிலோ கையிலோ பிடித்து வைக்காதீர்கள், பிடிபட்ட பூனை பயந்தால் முதல் கீறல் உங்களுக்குத்தான். சில நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று தோன்றும்போதே முடித்துவிடுங்கள்.

மோதிக்கொண்டால் கையை நடுவில் விடவே கூடாது. அட்டையோ தலையணையோ வைத்துப் பிரியுங்கள். பிரித்த உடனே சாம்பியைத் தூக்கி ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், அந்த வேகத்தில் உங்களைக் கடிப்பாள், அதில் அவள் குற்றம் இல்லை. இருட்டான அமைதியான அறையில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். யாருக்காவது கடி பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடித்துவிடும். வெறிநாய்க்கடி ஊசி தேவையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

வாசல்திண்ணை எழுதியது:

இப்போது தினமும் இரண்டு வேளை ஒரே அறையில் இருக்கிறார்கள். புதுப் பிரச்சனை பொட்டுதான். சாம்பியின் வாலைக் கண்டால் பதுங்கிப் பாய்கிறான். அவள் முன்னங்காலால் தலையில் ஒரு தட்டு தட்டுகிறாள், நகம் வெளியே இல்லை. அவன் உருண்டு விழுந்துவிட்டு மறுபடியும் பாய்கிறான். சிலசமயம் இரண்டும் கட்டிப் புரள்கின்றன. இது விளையாட்டா சண்டையா?

மூன்றுவால் எழுதியது:

சத்தத்தைக் கேளுங்கள். விளையாட்டு பெரும்பாலும் மௌனமாக இருக்கும், நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்கள், துரத்துகிறவரும் ஓடுகிறவரும் மாறி மாறி வருவார்கள். அலறல், பறக்கிற முடி, பயத்தில் சிறுநீர் விடுவது, ஒருவரே எப்போதும் துரத்துவது, மற்றவர் மூலையில் ஒடுங்குவது, இவை சண்டை. நகம் இல்லாத தட்டு பெரியவள் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். குறுக்கே போகாதீர்கள், அந்தப் பாடத்தை நம்மால் கொடுக்க முடியாது.

ஆனால் சாம்பிக்கு அலுத்துப்போனால் அவனை நீங்கள்தான் விலக்க வேண்டும். குட்டியின் விளையாட்டு வெறி முழுக்க அவள் தலையில் விழக் கூடாது. சந்திப்புக்கு முன்னும் பின்னும் இறகுக் குச்சியால் அவனை ஓட விடுங்கள்.

பாதிராத்திரி எழுதியது:

குட்டி இரண்டாக எடுத்தால் பெரியதைத் தொந்தரவு செய்யாது என்கிறார்களே?

குட்டிக்காவல் எழுதியது:

வயதான பூனை உள்ள வீட்டுக்கு நானே அப்படித்தான் பரிந்துரைப்பேன், கூடப் பிறந்த ஜோடியாக இருந்தால் ரொம்ப நல்லது. ஒன்றோடு ஒன்று புரண்டு களைத்துவிடும். இடமும் செலவும் தாங்குமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே ஒன்று வந்து சண்டை நடக்கிறது என்பதற்காக இன்னொன்றைக் கொண்டுவந்து சரிசெய்ய முயலாதீர்கள்.

வாசல்திண்ணை எழுதியது:

இன்னும் இரண்டு கேள்வி. சாம்பி அவன் கிண்ணத்துக் குட்டிச் சாப்பாட்டைத் தின்றுவிடுகிறாள், எடை ஏறுகிறது. அப்புறம், எப்போது இருவரையும் தனியே விட்டுவிட்டு வெளியே போகலாம்? மணல் தட்டு மூன்று வைத்திருக்கிறேன், வரிசையாக ஒரே இடத்தில்.

அரைக்கண் எழுதியது:

ஒரே இடத்தில் மூன்று தட்டு வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். வழியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டால் மூன்றும் போயிற்று. தனித்தனி இடங்களில் பிரித்து வையுங்கள். சாம்பி நடைபாதையில் சும்மா படுத்திருப்பது போலத் தெரியும், குட்டி அவளைத் தாண்டிப் போக முடியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்படிச் சத்தமில்லாத அடாவடியும் உண்டு, கண்டுபிடிப்பது கடினம்.

சாப்பாட்டுக் கிண்ணங்களும் ஒருவரை ஒருவர் பார்க்காத இடத்தில் இருக்கட்டும். குட்டிக்கு நாள் முழுக்கத் திறந்து வைக்காமல் நாலு வேளையாகக் கதவை மூடிக் கொடுத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குட்டிச் சாப்பாட்டில் கொழுப்பு அதிகம், அவளுக்கு ஆகாது.

தனியே விடுவதற்கு அவசரம் வேண்டாம். நீங்கள் வேறு அறையில் இருந்து காது கொடுத்துப் பாருங்கள். ஒடுங்குவது, வழிமறிப்பது, அலறல் எதுவும் இல்லாமல் வாரக்கணக்கில் போன பிறகு கொஞ்ச நேரம் வெளியே போய் வாருங்கள். இரவில் இன்னும் சில காலம் பிரித்தே வையுங்கள், குட்டிகள் அதிகாலையில்தான் அட்டகாசம் செய்யும்.

வாசல்திண்ணை எழுதியது:

தட்டுகளைப் பிரித்துவிட்டேன், அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. இப்போதைய நிலை: ஒரே அறையில் எதிரெதிர் மூலையில் தூங்குகிறார்கள். கொஞ்சுவதில்லை, நக்கிக்கொள்வதில்லை. ஒருமுறை மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்த்தார்கள், சாம்பி சீறவில்லை. இவ்வளவுதான் வருமென்றாலும் எனக்குப் போதும். அடுத்து பொட்டுவுக்குக் கருத்தடைக்கு நாள் கேட்கப் போகிறேன்.

குட்டிக்காவல் எழுதியது:

நல்லது, 4 முதல் 5 மாதத்தில் செய்துவிடலாம். அதற்கு ஒரு எச்சரிக்கை. அறுவை முடிந்து அவன் வீட்டுக்கு வரும்போது அவன் மேல் மருந்து வாசனை, வேறு விலங்குகளின் வாசனை எல்லாம் ஒட்டியிருக்கும். சாம்பிக்கு அவன் புது ஆளாகத் தெரிவான், தாக்கக்கூடச் செய்யலாம். இத்தனை வேலையும் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நேரே கூடத்துக்குக் கொண்டுவராமல் தனி அறையில் விட்டு, மயக்கம் தெளிந்து ஒரு நாள் போகட்டும். அவன் வழக்கமாகப் படுக்கிற விரிப்பைத் துவைக்காமல் எடுத்து வைத்திருந்து அதன் மேலேயே படுக்கப் போடுங்கள், பழைய வாசனை திரும்பிவிடும். அப்புறம் வலைக்கதவு வழியாக ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துவிட்டு வெளியே விடுங்கள். புண் ஆறும் வரை அவன் அவள்மேல் பாய்ந்து புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.